மூன்று நாள் முகாமா, ஆறு ஞாயிறுகளா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் மாலை வகுப்புக்கு 13 முதல் 17 வயதுவரை 24 பிள்ளைகள் வருகிறார்கள். வசதி குறைந்த குடும்பங்கள். பலர் ஒரு காட்டுப்பாதையில்கூட நடந்ததில்லை. கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. பழைய மலையேற்றக் காலணிகளும் கூடாரங்களும் நன்கொடையாக வந்துள்ளன. மூன்று நாள் மலை முகாம் நடத்தலாமா? இன்னும் என்னென்ன வாங்க வேண்டும்?
ஒரு தன்னார்வலர்

அன்புள்ள நண்பருக்கு,

முகாமைத் தள்ளிப்போடுங்கள். பொதுப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் ஒரு குன்றையோ ஏரிக்கரையையோ தேர்ந்தெடுத்து, பன்னிரண்டு பன்னிரண்டு பேராக, அதே பிள்ளைகளை அதே இடத்துக்கு ஆறு முறை கூட்டிப்போங்கள். பேருந்து எண்ணும் பாதையும் பழகிவிட்டால், பிறகு தம்பி தங்கைகளை அழைத்துக்கொண்டு அவர்களே போவார்கள். தூரத்து மலைக்கு ஒருமுறை போய்வந்தால் புகைப்படம்தான் மிஞ்சும்.

அந்தக் காலணிகளை இப்படியே கொடுத்துவிடாதீர்கள். பல மலையேற்றக் காலணிகளில் அடிப்பாகத்துக்கு மேலே பாலியூரித்தேன் நுரை இருக்கும். காற்றின் ஈரத்தில் அது வருடக்கணக்கில் சிதையும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். மேல்தோல் புதிதுபோல இருக்கும், பாதி வழியில் அடி கழன்று கையோடு வரும். பக்கவாட்டில் தெரியும் நுரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள்; முன்பாகத்தைப் பத்துப் பதினைந்து முறை மடக்கிப் பாருங்கள். விரிசலோ பொடியோ தெரிந்தால் கழித்துவிடுங்கள். நுரையே உதிர்வதால் பசை நிற்காது. சீரான பாதையில் ஒருநாள் நடைக்குப் பிள்ளைகளின் சாதாரண விளையாட்டுக் காலணியே போதும்.

கால் அளவை மாலையில், காலுறையோடு, இரண்டு கால்களிலும் எடுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் இடிபடும். வளரும் வயது, ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். பணத்தை முதலில் கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறைக்குச் செலவிடுங்கள். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறிய தோல் உரசினால் கொப்புளம். இல்லாமையில் வளர்ந்த பிள்ளைகள் வலியை வெளியே சொல்வதில்லை. புறப்பட்ட இருபதாவது நிமிடத்தில் எல்லோரையும் நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். உரசி எரியும் இடத்தைத் துடைத்து உலர்த்தி அங்கேயே மருத்துவ டேப் ஒட்டிவிடுங்கள்.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. பழகியவர்களுக்கான கணக்கு அது. புதியவர்களுக்கு ஒன்றரை மடங்காக்குங்கள். 6 கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டரை மணி நேரம். ஓய்வும் சாப்பாடும் தனி.

பெண்பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவதற்குக் கழிப்பறை ஒரு பெரிய காரணம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். பிறகு தலைவலி, மயக்கம். கூட வரும் பெண் பொறுப்பாளர் முந்தைய நாளே, யாரும் கேட்காமலே, எல்லாப் பெண்களிடமும் விவரம் சொல்லட்டும். கழிப்பறை இல்லாத இடமென்றால் மறைப்புத் துணி, சிறு மண்வெட்டி, நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி. நாப்கினைப் புதைக்கக் கூடாது. உள்ளே இருப்பது தெரியாத மூடிய பையில் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

மழைச்சட்டையையும் பையையும் ‘இல்லாதவர்கள் கை தூக்குங்கள்’ என்று கேட்டுக் கொடுக்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்து, மாலையில் திரும்ப வாங்குங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அந்தப் பிள்ளையின் சட்டைப்பையில்தான் இருக்க வேண்டும். கடைசியில் வருபவரின் மூட்டையில் இருந்து பயனில்லை.

வெளியே தங்கும் முதல் இரவுக்குக் கூடாரம் தேவையில்லை. 1909இல் ஜெர்மன் ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மன் மாணவர்களோடு நடைப்பயணத்தில் புயல்மழையில் சிக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். விடுமுறையில் சும்மா கிடக்கும் வகுப்பறைகளைத் தங்குமிடமாக்கலாமே என்ற அந்த யோசனையிலிருந்துதான் இளைஞர் விடுதிகள் வந்தன. நீங்களும் அந்தக் குன்றுக்குப் பக்கத்திலுள்ள பள்ளியில் அனுமதி கேளுங்கள். பெற்றோர் சம்மதிப்பதும் சுலபம். நன்கொடைக் கூடாரங்களை அதற்குள் உங்கள் முற்றத்தில் விரித்துத் தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிடலாம். உட்பூச்சு பிசுபிசுத்தால் கூடாரமாக உதவாது, தரைவிரிப்பாக வெட்டிக்கொள்ளுங்கள்.