தெருவில் இருக்கும் கலை: பழைய பேனர் ஓவியரிடம் கேளுங்கள்

(கட்-அவுட், பேனர் எழுதியவன். இப்போது சுவர் வேலை. சென்னை பற்றிக் கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன்.)

முருகேசன், ஆவடி: எங்கள் தெருச் சுவரில் சிறுநீர் கழிக்கிறார்கள். படம் வரைந்தால் அந்தப் பழக்கம் நிற்குமா?

கொஞ்ச நாள் நிற்கும். பக்கத்தில் கழிப்பறை கட்டினால் நிற்கவே செய்யும். எப்படியானாலும் ஓதம் ஏறிய சுவரில் வரையாதீர்கள்.

செல்வி, அடையாறு: பொது இடத்துக் கலை மக்கள் மனதில் ஒட்டுகிறதா, இல்லை செல்ஃபியோடு சரியா?

மெரினா உழைப்பாளர் சிலையைப் பாருங்கள் அம்மா. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தார்கள். நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். கிட்டப் போனால் முறுக்கிய முதுகும் ஊன்றிய காலும்தான் முதலில் கண்ணில் படும். சிற்பி பெயர் கேட்டால் பலர் முழிப்பார்கள். ஆனால் மே தினம் வந்தால் தொழிற்சங்கங்கள் மாலையோடு அங்கேதான் வந்து நிற்கின்றன. 1923-இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இந்தக் கடற்கரைப் பக்கம்தான். சங்கத்துக்காரர்கள் வருஷா வருஷம் வந்து அதைத் தங்கள் சிலை ஆக்கிக்கொண்டார்கள். செல்ஃபி எடுப்பவர்கள் எடுக்கட்டும், அவர்களும் ஜனம்தானே.

ரவி, குரோம்பேட்டை: மாமல்லபுரத்துக் கல் சிற்பம் பற்றி...

கல் என் கைக்கு வராது. அங்கேயே அரசு சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

பெயர் வேண்டாம்: போஸ்டர் ஒட்டுவதையும் ஒன்றுக்குப் போவதையும் ஓவியம் தடுக்குமா?

முருகேசனுக்குச் சொன்னதுதான். போஸ்டர் கதை மட்டும் வேறு. 2009-இல் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டருக்குத் தடை போட்டு, பேனர் ஓவியர்களை வைத்து வரைய வைத்தது. ஃபிளெக்ஸ் வந்து பிழைப்பு போயிருந்த எங்கள் ஆட்களுக்கு அது சோறு.

தமிழ்மணி, பெருங்குடி: தொரைப்பாக்கத்துக் கண்ணகி நகரில் வரைந்ததெல்லாம் ஏழ்மைக்கு அடித்த பெயின்ட். நகரத்து நடுவிலிருந்து ஜனத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுவரில் பூவா?

தூக்கிப் போட்டது உண்மை. 2000 வாக்கில் தொடங்கி, ஆற்றோரக் குடிசைகளைப் பிரித்து, 15,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்குள் அடைத்தார்கள். வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் பழைய இடத்தில். 2020-இல் அங்கே ஓவியங்கள் வந்தன. ஊர்ப் பெயரைச் சொன்னால் வேலை தர யோசித்த நிலைமையில், படம் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

தமிழ்மணி: வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குழாயில் தண்ணீர்?

தண்ணீர் கேட்க வேண்டியது குடிநீர் வாரியத்திடம், தம்பி. ஓவியரிடம் கேட்க வேண்டியது வேறு: என்ன வரையலாம் என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டாயா? ஐந்து வருஷம் கழித்துப் பட்டை உரிந்தால் யார் வந்து பூசுவது? இதற்குப் பதில் இல்லாத வேலையை நானும் திட்டுவேன்.

லதா, தொரைப்பாக்கம்: தமிழ்மணி சார், நாங்கள் குடியிருக்கிற ஊரைப் பற்றி நாங்களும் பேசலாமா? எங்கள் பிளாக் படம் எனக்குப் பிடிக்கும். தண்ணீருக்கும் சண்டை போடுவேன்.

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

தமிழ்மணி: அப்படியானால்...

போதும், அடுத்தவர் காத்திருக்கிறார்.

கார்த்திக், வேளச்சேரி: பிள்ளைகளைக் கூட்டிப்போக எது நல்ல இடம்?

ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966-இல் தொடங்கியது. மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணி, கைவினைப் பொருள் விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். திறந்தவெளியில் சிற்பங்கள் இருக்கின்றன.

ஆசிரியை, செங்கல்பட்டு: பள்ளிச் சுவரில் வரையப் போகிறோம்.

ஓதம் பாருங்கள். சுண்ணாம்பைச் சுரண்டாமல் எமல்ஷன் அடித்தால் பட்டை பட்டையாக உரியும். சுரண்டி, பிரைமர் அடித்து, காயவிட்டு, அப்புறம் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.