46 வயதில் அப்பாவாகப் போகிறேன், எவ்வளவு எடுத்து வைக்கணும்?

கேள்வி: காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். வயது 46, மனைவிக்கு 34. சென்ற ஆண்டுதான் திருமணம். அப்பாவுக்கு வயது கூடினால் பிள்ளைக்கு நோய் வரும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். வைத்தியச் செலவுக்கென்று 10 லட்சத்தைப் பத்து வருட டெபாசிட்டில் போடலாமா? பூர்வீக வீட்டில் பங்கும் இருக்கிறது.

பதில்: சொந்தக்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆணுக்கு விந்தணுக்கள் கடைசிவரை புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். அதனால் மரபணுவில் சேரும் புது மாற்றங்களும் வயதோடு கூடும். ஐஸ்லாந்துக் குடும்பங்களை வைத்து 2012-இல் வெளியான ஆய்வு, அப்பாவின் வயதில் ஓராண்டுக்குச் சுமார் இரண்டு என்று கணக்கிட்டது. பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தராதவை. ஆட்டிசம் போன்ற சிலவற்றுக்கான வாய்ப்பு சற்றுக் கூடுகிறது, அவ்வளவுதான். இருவரும் ஒருமுறை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பயத்தில் முடிவெடுக்க வேண்டாம்.

என்னை யோசிக்க வைப்பது 2018-இல் வந்த இன்னொரு ஆய்வு. அமெரிக்காவில் 4 கோடி பிறப்புகளைப் பார்த்ததில், 45 வயது தாண்டிய அப்பாக்களின் குழந்தைகள் குறைமாதத்தில் பிறக்கும் வாய்ப்பு 14 சதவீதம் அதிகமாக இருந்தது. நூற்றில் 14 குழந்தைகள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே உள்ள வாய்ப்போடு அதில் ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. ஆனால் அப்படிப் பிறந்தால் இன்குபேட்டர் செலவு முதல் நாளே தொடங்கிவிடும். பல குடும்ப மருத்துவக் காப்பீடுகளோ குழந்தையை 90 நாள் ஆன பிறகுதான் சேர்த்துக்கொள்ளும். பிரசவச் செலவுக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. பாலிசி எடுக்குமுன் 'பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்குக் கவர் உண்டா?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அதனால் 10 லட்சத்தையும் முடக்காதீர்கள். 4 லட்சமாவது நினைத்தவுடன் எடுக்கிற மாதிரி, இருவரில் யாரும் எடுக்கக்கூடிய ஜாயின்ட் கணக்கில் இருக்கட்டும். ராத்திரியோடு ராத்திரியாகக் குழந்தையை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னால், பணம் கட்டுவது உங்கள் மனைவியாகவும் இருக்கலாம்.

பூர்வீக வீட்டுப் பங்கை ஐந்தொகையில் (சொத்து, கடன் கணக்கில்) சொத்தாக எழுதுங்கள், கையிருப்பாக எண்ணாதீர்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் பங்காளிகள் இருந்தால், விற்பதற்குக் கையெழுத்து வாங்கவே வருடக்கணக்காகும்.

சரி, நோய் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் அடுத்த வருடம் பிறக்கும் பிள்ளை கல்லூரி முடிக்கும்போது உங்களுக்கு 68 வயது என்பது நிச்சயம். 70 வயதுவரை ஒரு டேர்ம் பாலிசியை, அதாவது அதற்குள் உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீட்டை, இந்த மாதமே எடுத்துவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்; மறைத்தால் பின்னால் கிளெய்முக்கு அலைவது உங்கள் மனைவிதான்.