பருந்து மங்கினால் லென்ஸை மாற்றணுமா?

கேள்வி: காசிமேடு துறைமுகத்தில் காலை ஏழு மணிக்குப் பருந்துகளைப் படமெடுக்கிறேன். கேனான் கேமரா, 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ். படகில் உட்கார்ந்திருக்கும் கொக்கு தெளிவாக வருகிறது. பறக்கும் பருந்து மட்டும் மங்கல். கடைக்காரர், ‘தூரத்தை இன்னும் கிட்டே இழுக்கும் 150-600 லென்ஸ் செகண்ட் ஹேண்டில் இருக்கு, 50 ஆயிரம்’ என்கிறார். வாங்கலாமா ஐயா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கொக்கு தெளிவாக வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் லென்ஸ் மேல் என்ன குற்றம்?

கெட்டுப்போன படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இறக்கை நுனி மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. பருந்து முழுக்க மசமசவென்று இருக்க, பின்னால் படகுக் கயிற்றின் முறுக்குகூடத் தெரிந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. எல்லாமே கலங்கியிருந்தால் கை ஆட்டம். லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கையைத்தான் பிடிக்கும், இறக்கையை இல்லை.

கேமரா டயலை ‘டிவி’யில் (Tv, ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை) வைத்து ஷட்டரை 1/2000 நொடி ஆக்குங்கள். ஐஎஸ்ஓ, அதாவது ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன், ஆட்டோவில் இருக்கட்டும்; 3200 வரை ஏறினாலும் ஏறட்டும். அதனால் படத்தில் புள்ளி விழுந்தால் கம்ப்யூட்டரில் தேற்றலாம், பருந்தின் மங்கிய கண்ணைத் தேற்ற முடியாது. ஃபோகஸ் ஒரே இடத்தில் பூட்டிக்கொள்ளும் ‘ஒன் ஷாட்’டில் இருந்தால், நகரும் பறவையைத் தொடர்ந்து பிடிக்கும் ‘ஏஐ சர்வோ’வுக்கு மாற்றுங்கள். பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம். வெளுத்த வானத்தில் பருந்து கரிக்கட்டையாக விழுந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 ஏற்றலாம், ஆனால் செம்பருந்தின் வெள்ளைத் தலை விவரமே தெரியாமல் வெந்துபோகிறதா என்று ஒரு கண் வையுங்கள்.

எண்ணூரிலோ பழவேற்காட்டிலோ வெயில் ஏறிய பிறகு தூரத்துப் பூநாரையை எடுத்தால் கானல் ஆடும். அங்கே லட்ச ரூபாய் லென்ஸும் தோற்கும்.

இதெல்லாம் செய்தும் பறவை சின்னதாக விழுகிறதே என்ற குறை மட்டும் மிஞ்சினால், சரி, 150-600ஐப் பார்க்கலாம். ஏறக்குறைய இரண்டு கிலோ. மீன் கூடைகளுக்கு நடுவே அதைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியுமா என்று கடையிலேயே பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகவும் பாருங்கள். சிலந்தி வலை போல இழை ஓடினால் பூஞ்சை. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ‘தூசுதான் சார்’ என்ற பேச்சை நம்பி நான் ஒரு லென்ஸ் வாங்கினேன், அது இன்னமும் பீரோவில் தூங்குகிறது. பில்லில் லென்ஸின் சீரியல் நம்பரும், கடைக்காரர் வாயால் சொல்லும் வாரன்டியும் எழுத்தில் இருக்கட்டும்.