நான்காவது பட்டை – கடிதம்

அன்புள்ள அண்ணா,

அமெரிக்காவில் ஒரு ரீஜனல் (சிறு வழித்தட) ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை பைலட்டாக இருக்கிறேன். சேர்ந்து பதினாறு மாதம் ஆகிறது. ஓட்டுவது எம்ப்ரேயர் 175 விமானம். போன வாரம் 1000 மணி நேரம் முடிந்தது, அதே வாரம் கேப்டன் இடங்களுக்கான பிட்டும் (சீனியாரிட்டி வரிசையில் இடம் கேட்கும் அழைப்பு) வந்தது. என் சீனியாரிட்டிக்குக் கிடைத்துவிடும் என்கிறார்கள். ஆனால் இடம் சிகாகோவில். நாங்கள் இருப்பது டாலஸில். மனைவிக்கு இங்கே வேலை, மகளுக்கு மூன்று வயது. இப்போது ஓரளவு நல்ல லைன் (மாதப் பறப்பு அட்டவணை) பிடிக்கிறேன், பாதி வார இறுதிகளாவது வீட்டில் இருக்கிறேன். கேப்டன் ஆனால் ரிசர்வ் (கூப்பிட்டால் போக வேண்டிய காத்திருப்பு), அதிலும் பட்டியலின் கடைசி ஆள். பயிற்சி அக்டோபரில் தொடங்கும். பயிற்சி முடித்துப் பறக்க வரும்போது டிசம்பர் ஆகிவிடும்.

உடன் வேலை செய்பவர்கள் எல்லாரும் "இதில் யோசிக்க என்ன இருக்கிறது, எடு" என்கிறார்கள். பி.ஐ.சி. மணி (கேப்டனாகப் பறந்த மணி) சேர்ந்தால்தான் பெரிய கம்பெனிக்குப் போக முடியும் என்கிறார்கள். எனக்குள் இருப்பது வேறொரு தயக்கம். டீ-ஐஸ் செய்து (இறக்கையில் படிந்த பனியை நீக்கி) புறப்பட்ட அனுபவமே ஐந்தாறு முறைதான் இருக்கும். 1000 மணி போதும் என்று சட்டம் சொல்கிறது. எனக்குப் போதுமா என்று தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்? (என் பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொண்டு என் பதிலைப் படிப்பதுதான் நியாயம். நான் ஒரு ரீஜனலில் சேர்ந்தது 2007இல். "ரெண்டே வருஷம், கேப்டனோட இடது சீட் உங்களுக்கு" என்று சொல்லித்தான் எடுத்தார்கள். அந்த டிசம்பரிலேயே ஏர்லைன் பைலட்களின் ஓய்வு வயதை 60இலிருந்து 65 ஆக்கினார்கள். மேலே இருந்த ஒருவரும் நகரவில்லை. அடுத்த வருடம் பொருளாதாரம் படுத்தது. வலது இருக்கையில், ஃபர்ஸ்ட் ஆபீசராகவே, ஏழு வருடம் உட்கார்ந்தேன். ஆகவே "கிடைக்கும்போது எடு" என்று சொல்கிறவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது பட்டவர்கள் சொல்வது.

அப்படியிருந்தும் இந்த பிட்டை விட்டுவிட்டு, ஒரு குளிர்காலம் கழித்து ஏப்ரலில் போடுங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஒரு பாதி சரி. ஆள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த 2022 வாக்கில், பி.ஐ.சி. மணி ஒன்றுகூட இல்லாத ஃபர்ஸ்ட் ஆபீசர்களையும் பெரிய கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போயின. ஆள் எடுப்பது மெதுவாகும்போது, கேப்டனாகப் பறந்த மணி எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதனால் அந்த மணிக்கு மதிப்பு உண்டு. ஆனால் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் உங்களுக்கு உண்மையில் எத்தனை மணி நஷ்டம்? ரிசர்வில் கடைசி ஆளுக்கு மாதம் முழுக்க ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பாதி வேலை. கேப்டனான புதிதில் எனக்கு ஒரு மாதம் 22 மணி கிடைத்தது. உத்தரவாதச் சம்பளம் வந்துவிடும், அது வேறு. லாக்புக்கில் ஏறுவது அந்த 22தான்.

சீனியாரிட்டி போய்விடும் என்ற பயமும் வேண்டாம். உங்கள் எண் சேர்ந்த நாளில் கொடுத்தது, அது அப்படியேதான் இருக்கும். உங்களுக்குப் பின்னால் சேர்ந்த ஒருவர் இந்த பிட்டில் கேப்டன் ஆகட்டும், நீங்கள் ஏப்ரல் பிட்டில் ஆகுங்கள். கேப்டன் பட்டியலில் நீங்கள் அவருக்கு மேலேதான் போய் உட்காருவீர்கள். அவர் உங்களுக்கு முன்னால் ரிசர்வில் அடிபட்டிருப்பார், அவ்வளவுதான்.

சரி, உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்.

1000 மணி என்ற எண் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 இறங்கும் நேரத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், கீழே ஒரு வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டமும் விதிகளும்தான் ஏர்லைனில் சேர பொதுவாக 1500 மணி, கேப்டன் ஆக அதற்குமேல் ஏர்லைனிலேயே 1000 மணி என்று வைத்தன. அந்தக் கேப்டனுக்கு மொத்தம் 3000 மணிக்கு மேல் இருந்தது. அந்த ரக விமானத்தில் மட்டும் பார்த்தால் 100 மணிச் சொச்சம். வேகம் குறைந்து, ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) வரப்போகிறது என்று எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் அதிர்ந்தபோது மூக்கை இறக்குவதற்குப் பதில் இழுத்தார். பயிற்சி வகுப்புகளில் இதைப் பல முறை கேட்டிருப்பீர்கள்.

வகுப்பில் வேகமாகக் கடந்துபோகும் ஒரு பகுதி இருக்கிறது. காக்பிட் ஒலிப்பதிவில், விபத்துக்குச் சில நிமிடங்கள் முன்பு, இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 10,000 அடிக்குக் கீழே வேலையைத் தவிர வேறு பேச்சு கூடாது என்ற விதியை மறந்த பேச்சு. ஃபர்ஸ்ட் ஆபீசர் தான் இதற்குமுன் ஐஸிங்கையே (பறக்கும்போது விமானத்தில் ஐஸ் படிவதை) பார்த்ததில்லை, டீ-ஐஸ் செய்ததில்லை என்கிறார். கேப்டன் ஆவதற்கு முன்னால் வடகிழக்கில் ஒரு குளிர்காலத்தைக் கடந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்றும் சொல்கிறார். ஐஸ் அந்த விபத்துக்குக் காரணம் இல்லை என்று விசாரணை சொல்லிவிட்டது. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வந்தது. ஏனென்றால் அவர் நினைத்ததில் தப்பே இல்லை. அவர் கேட்டதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள்.

ஒரு குளிர்காலம் எதற்கு? ஐஸில் பறக்கத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. விமானம் ஓட்ட உங்களுக்குத் தெரியும். சிமுலேட்டரில் ஒரு இன்ஜினை அணைத்தாலும் இறக்கிவிடுவீர்கள். வேறொன்று இருக்கிறது, அது எனக்கே கேப்டனான முதல் குளிர்காலத்தில்தான் புரிந்தது.

ராத்திரி கடைசி விமானம். பனி கொட்டுகிறது. டீ-ஐஸ் முடித்து வரிசையில் நிற்கிறோம். வரிசை நகரவில்லை, ஹோல்டோவர் நேரம் (அடித்த திரவம் பனியைத் தடுக்கும் நேரம்) தாண்டிவிட்டது. தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். புறப்படுவதற்கு முந்தைய 5 நிமிடத்துக்குள் இறக்கையைச் சோதித்துச் சுத்தம் என்று உறுதியாக வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். எங்கள் நடைமுறைப்படி கேபினிலிருந்து பார்த்துவிட்டு வரும்படி ஃபர்ஸ்ட் ஆபீசரை அனுப்பினேன். கம்பெனிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத பையன். அனுப்பும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, "சுத்தமாத்தான் இருக்கும், எதுக்கும் ஒரு பார்வை பார்த்துட்டு வா" என்றேன்.

போய்விட்டு வந்தான். "ஓகேனுதான் தோணுது" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தான்.

அந்த "தோணுது"வில் எனக்குச் சுரீர் என்றது. பையன் பொய் சொல்லவில்லை. எனக்கு என்ன பதில் வேண்டும் என்று நானே சொல்லி அனுப்பியிருந்தேன், அதைத்தான் கொண்டுவந்தான். "தெளிவாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். "வெளிச்சம் போதலை. ஈரமா ஐஸான்னு சொல்ல முடியலை" என்றான். திரும்பிப் போனோம். ஒன்றரை மணி நேரம் தாமதம். இணைப்பு விமானத்தை விட்ட ஒரு பெண் இறங்கும்போது என்னைத் திட்டிவிட்டுப் போனார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

ஏழு வருடம் வலது பக்கம் இருந்தபோது ஒரு பழைய கேப்டனோடு நிறையப் பறந்திருக்கிறேன். எந்த முடிவானாலும் முதலில் என்னைக் கேட்பார், தன் கருத்தைக் கடைசியில்தான் சொல்வார். மனிதர் தயங்குகிறார் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு முட்டாள்தனம். அந்தப் பனி இரவில்தான் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று விளங்கியது. வலது பக்கம் இருக்கும்வரை எல்லாரும் உங்களிடம் உள்ளதைச் சொல்வார்கள். தோளில் கேப்டனுக்குரிய நான்காவது பட்டை ஏறிய நாளிலிருந்து உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். டிஸ்பாச்சர் (தரையிலிருந்து பயணத்தைத் திட்டமிடுபவர்), கேட்டில் இருப்பவர், மெக்கானிக், பக்கத்தில் இருக்கும் பையன், எல்லாரும்.

அதிலும் ரிசர்வில் இருக்கும் புதுக் கேப்டனுக்கு அமைகிற ஃபர்ஸ்ட் ஆபீசரும் பெரும்பாலும் ரிசர்வில் இருக்கும் புது ஆள்தான். சீனியாரிட்டி முறையின் கோளாறு இது. பட்டியலின் இரண்டு அடிப்பகுதிகளையும் ராத்திரி நேரத்தில், மோசமான வானிலையில் ஒரே காக்பிட்டில் கொண்டுவந்து உட்கார வைக்கும். விதிகள் இதற்குக் கொஞ்சம் கடிவாளம் போட்டிருக்கின்றன. கேப்டனாக அந்த ரகத்தில் 100 மணி ஆகும்வரை உங்கள் இறங்கும் வரம்பில் (ஓடுபாதை தெரிய வேண்டிய உயரமும் பார்வைத் தூரமும்) 100 அடியும் அரை மைலும் கூடும். 200 அடி, அரை மைல் என்று இருக்கும் ஐ.எல்.எஸ். (கருவி வழி இறக்கம்) உங்களுக்கு மட்டும் 300 அடி, ஒரு மைல். பக்கத்தில் இருப்பவருக்கு 100 மணி ஆகவில்லை என்றால், ஓடுபாதையில் பனியோ மணிக்கு 15 கடல்மைலுக்கு (நாட்) மேல் குறுக்குக் காற்றோ இருக்கும்போது ஏற்றுவதும் இறக்குவதும் நீங்கள்தான். ஆனால் அந்த விதிகளில் எதுவும் "ஓகேனுதான் தோணுது" என்பதை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தராது. அதை வலது பக்கம் உட்கார்ந்து, நல்ல கேப்டனையும் மோசமான கேப்டனையும் பார்த்துத்தான் கற்க வேண்டும். மோசமானவரிடம் கற்பது இன்னும் அதிகம்.

அதனால் என் யோசனை இது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை உங்களுக்கு இப்போது இருக்கும் சீனியாரிட்டியை வைத்து, யாரும் விரும்பாத வடக்குப் பக்க ட்ரிப்புகளாகக் கேட்டு வாங்குங்கள். பஃபலோ, மினியாபொலிஸ், டிட்ராயிட் எதுவானாலும். ஒவ்வொரு முறையும் கேப்டன் வாய் திறப்பதற்குள் உங்கள் முடிவை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முடிவு வேறாக இருந்தால் ஹோட்டல் வேனில் போகும்போது ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஏப்ரலில் பிட் போடுங்கள்.

இன்னொன்று, சுருக்கமாக. அவசரமாகப் போய் அப்கிரேட் (கேப்டன்) பயிற்சியில் ஒரு செக்ரைட் (பறப்புத் தேர்வு) தவறினால், அது ஏர்லைன்கள் பார்க்கும் பைலட் ரெக்கார்ட்ஸ் டேட்டாபேஸில் ஏறிவிடும். பிற்பாடு எந்தக் கம்பெனி நேர்காணலுக்குப் போனாலும் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். தவறியவர்கள் வேலை வாங்கியதில்லை என்று சொல்லவில்லை, என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். சில மாதத்தை மிச்சம் பிடிக்க அந்த ஆபத்து தேவையா என்றுதான் கேட்கிறேன்.

ஏப்ரலுக்குள் இந்த வாய்ப்பு மூடிவிட்டால்? மூடலாம். எனக்கு மூடியது. உங்களுக்கும் அப்படி ஆனால் என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள், அதையும் இங்கே வெளியிடுகிறேன்.

வீட்டு விஷயம். இதில் என் கருத்தை மழுப்பாமல் சொல்கிறேன். எப்போது கேப்டன் ஆனாலும், டாலஸிலிருந்து சிகாகோவுக்குப் பறந்துபோய் அன்றே ரிசர்வ் செய்யாதீர்கள். ஷார்ட் கால் ரிசர்வ் (கூப்பிட்டவுடன் கிளம்ப வேண்டிய ரிசர்வ்) 14 மணி நேரம் வரை போகலாம். அதன் பன்னிரண்டாவது மணியில் கூப்பிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும். அதற்கு முன் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, ஜம்ப்சீட் (காக்பிட்டில் உள்ள கூடுதல் இருக்கை) கிடைக்குமா என்று கவலைப்பட்டு வந்தவராக நீங்கள் இருக்கக் கூடாது. கோல்கன் விபத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர் சியாட்டிலிலிருந்து இரவு முழுக்கப் பயணம் செய்து நியூவார்க் வந்திருந்தார். கேப்டன் ஃப்ளோரிடாவிலிருந்து வந்து க்ரூ ரூமில் தூங்கியிருந்தார். "களைப்பாக இருக்கிறேன், பறக்க முடியாது" என்று சொல்ல விதி இடம் கொடுக்கிறது. புதுக் கேப்டன் வாயில் அந்த வார்த்தை அவ்வளவு எளிதில் வராது. எனக்கு வரவில்லை.

சிகாகோவில் ஒரு அறை எடுங்கள். அந்த வாடகையைச் சம்பள உயர்விலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டுங்கள். மாதத்தில் எத்தனை இரவு வீட்டில் இருப்பீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள், கூட்டி எழுதாமல். அவர் வேண்டாம் என்றால் டாலஸில் கேப்டன் இடம் வரும்வரை காத்திருப்பதில் எந்த இழுக்கும் இல்லை. பத்து வருடம் கழித்து எந்த மாதத்தில் கேப்டன் ஆனீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. மகள் மட்டும் கேட்கலாம்.

தரையில் முன்சக்கரத்தைத் திருப்பும் டில்லரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். இத்தனை நாள் இடது பக்கம் மட்டுமே இருந்த அந்தச் சின்னக் கைப்பிடியைப் பிடித்து முதல் முறை டாக்ஸி செய்யும்போது விமானம் குடித்தவன் மாதிரி போகும். கை மாறியிருக்கும், த்ராட்டில் வலது கையில் இருக்கும், பின்னால் ஃப்ளைட் அட்டெண்டன்ட் எதையாவது பிடித்துக்கொள்வார். நான் முதல் நாள் கேட்டிலிருந்து ஓடுபாதை வரை மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

அன்புடன்,
அண்ணன்