எரியாது சரி, பிரியுமோ?

வணக்கம் அண்ணை,

நான் கொக்குவில். கம்பஸில கெமிஸ்ற்றி ஸ்பெஷல் முடிச்சிட்டு இப்ப ரியூசன் குடுக்கிறன். வெளிநாட்டில பிஎச்டிக்கு இடம் கிடைச்சிருக்கு, சொலிட் ஸ்டேட் பற்றறிக்குப் பாதுகாப்பான, ரீசைக்கிள் பண்ணக்கூடிய மெற்றீரியல் தேடுறது தான் தலைப்பு. அப்பா "ஒரு பற்றறிக்கு நாலு வருசமோ" எண்டு கேக்கிறார். உண்மையிலேயே உது எரியாத பற்றறியோ? பாதுகாப்பு, ரீசைக்கிள் ரெண்டையும் ஒரே ஆராய்ச்சியில பாக்க ஏலுமோ? எங்கட ஊருக்கு இதால ஏதும் வருமோ?

வாசகி ஒருத்தி

அன்புள்ள தங்கச்சி,

முதல்ல அப்பாவுக்கு. நாலு வருசம் காணாது எண்டு சொல்லுங்கோ. ஸோனி லித்தியம் அயன் பற்றறிய விக்கத் தொடங்கினது 1991இல, அதுக்கு வழி போட்ட மூண்டு பேருக்கு நோபல் குடுத்தது 2019இல. இவ்வளவு காலத்திலயும் உள்ளுக்க லித்தியம் அயனை (மின்னேற்றம் உள்ள அணுவை) கடத்துற திராவகம், அதாவது மின்பகுபொருள், பெரிசா மாறேல்ல, பத்தக்கூடிய ஒரு கரைப்பானும் அதில கரைச்ச புளோரின் உள்ள லித்தியம் உப்பும் தான். சூடு கூடினால் கரைப்பான் எரியும், உப்பில தண்ணி பட்டால் ஐதரசன் புளோரைட் வரும். அந்தத் திராவகத்தை எடுத்துப்போட்டு திண்மமா ஒண்டை வைக்கிறது தான் நீங்கள் போற துறை.

ஆனா எரியவே எரியாது எண்டு ஒருத்தரும் சத்தியம் பண்ணேலாது. 2022 ஏப்ரலில பரிஸில ரெண்டு கரன்ற் பஸ் எரிஞ்சு, அந்த வகை பஸ் 149ஐ ரோட்டால எடுத்தவை, அங்க இருக்கிற எங்கட சனத்துக்கு ஞாபகம் இருக்கும். அதுக்குள்ள இருந்தது திராவகப் பற்றறி இல்லை, பிளாஸ்ரிக் மாதிரியான திண்மப் பொலிமர் போட்ட லித்தியம் உலோகப் பற்றறி. பொலிமரும் எரியிற சாமான் தானே, லித்தியமும் 180 பாகையில உருகிப் போம். சரி கந்தகம் சேந்த சல்பைட் வகைத் திண்மத்துக்குப் போவம் எண்டால், அதில அயன் நல்லா ஓடும், ஆனா காத்தில ஈரம் பட்ட உடன கூழ்முட்டை மணத்தோட ஐதரசன் சல்பைட் விடும், அது நஞ்சு. எங்கட மார்கழி மழைக்க அதைக் கையாளுறது எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

மிச்சம் ஒட்சிசன் சேந்த ஒக்சைட் வகை. அதில எனக்குப் பிடிச்சது எல்எல்ஸெட்ஓ எண்ட கார்னெற் வகைப் பளிங்கு, லித்தியம், லந்தனம், சிர்க்கோனியம், ஒட்சிசன் சேந்தது. அது நல்லா அயன் கடத்துது எண்டு 2007இல பேப்பர் எழுதின மூண்டு பேர் ராமசாமி முருகன், வெங்கட்ராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர். முதல் ரெண்டு பேரையும் பாத்தாலே உங்களுக்கு விளங்கும், அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ. இதுக்குப் பின்னால ஒரு நல்ல கதை இருக்கு. இந்தத் தூளை ஆயிரம் பாகைக்கு மேல சுட வேணும், சுடுறது அலுமினாப் புடக்குகையில, அதாவது அலுமினியம் ஒக்சைட்டால செய்த சூடு தாங்கிற பாத்திரத்தில. அயன் வேகமா ஓடுற கனவடிவப் பளிங்கு சாதாரண வெப்பநிலையில எப்பிடிக் குலையாமல் நிக்குது எண்டு பேந்து தேடிக்கொண்டு போனால், புடக்குகையில இருந்த அலுமினியம் கொஞ்சம் தூளுக்க ஊறிப் போய் அது தான் பிடிச்சு வைச்சிருக்கு. வேணுமெண்டு ஒருத்தரும் போட்டதில்லை! 2011 அளவில தான் இது வடிவா விளங்கினது. ஆனபடியா லாப்பில எந்தப் பாத்திரத்தில சுட்டனீங்கள் எண்டதையும் கொப்பியில எழுதி வையுங்கோ.

இனி உங்கட ரெண்டாவது கேள்வி, எனக்கு அது தான் முக்கியம். பாதுகாப்பும் ரீசைக்கிளும் கனதரம் ஒண்டை ஒண்டு எதிர்க்கிற விசயங்கள். திண்மப் பற்றறி நல்லா வேலை செய்ய மின்பகுபொருளும் மின்வாயும் (பற்றறிக்குள்ள ரெண்டு பக்கமும் இருக்கிற முனையள்) இடைவெளி இல்லாமல் ஒட்டி நிக்க வேணும், இடைவெளி விட்டால் தடை கூடும், லித்தியம் ஊசி மாதிரி வளந்து ஷோர்ட் ஆகும். எவ்வளவுக்கு இறுக்கி ஒட்டுறியளோ அவ்வளவுக்குக் கழட்டேலாது. அரைச்சுத் தூளாக்கினால் நிக்கல், கோபால்ற்றோட லந்தனமும் சிர்க்கோனியமும் கலந்து வந்து நிக்கும், பிரிக்கிற செலவு ஆர் குடுக்கிறது? ஐரோப்பாவில 2023இல கொண்டு வந்த பற்றறிச் சட்டம் பழைய பற்றறியில இருந்து லித்தியத்தில பாதியை 2027 முடியவும், 80 வீதத்தை 2031 முடியவும் மீட்க வேணும் எண்டு சொல்லுது, கோபால்ற், நிக்கல், செம்பு, ஈயத்துக்கும் கணக்கு இருக்கு. லந்தனத்துக்கு இல்லை. உங்கட ஆராய்ச்சிக்கு அந்த இடைவெளி நல்ல இடம்.

எங்கட ஒழுங்கைக்கால பழைய இரும்பு எடுக்க வாற அண்ணை மோட்டச்சைக்கிள் பற்றறியக் கையில தூக்கிப் பாத்தே விலை சொல்லுவார், போன் பற்றறிய நீட்டினால் திரும்பியும் பாக்கார். முந்தினதுக்குள்ள ஈயம், பிளாஸ்ரிக் பெட்டி, அசிட், பிரிக்கிறது லேசு, ஈயத்துக்கு எப்பவும் விலை இருக்கு. (கோடிக்க வைச்சு ஈயம் உருக்கினால் வாற நஞ்சு வேற கதை, அதுக்குத் தனியா ஒரு கட்டுரை வேணும்.) லித்தியத்தை அந்த அண்ணையும் வாங்கிற மாதிரி ஆக்கிறது தான் உங்கட ஆராய்ச்சி எண்டு அப்பாவுக்குச் சொன்னால் அவருக்கு விளங்கும்.

செய்யலாம் எண்டதுக்கு ஆதாரமும் இருக்கு. 2025இல அமெரிக்காவில எம்ஐடி பல்கலைக்கழகத்தில கெவ்லர் (குண்டு துளைக்காத உடுப்புக்குப் பாவிக்கிற நார்) மாதிரியான மூலக்கூறுகளால ஒரு திண்ம மின்பகுபொருள் செய்தவை, அது தண்ணியில தானாகவே சின்ன நாடாக்களாச் சேரும், பிறகு சேதனக் கரைப்பானில போட்டால் கரைஞ்சு மிச்சப் பாகங்கள் தனித்தனியாக் கழண்டு வரும். இப்பத்தைய பற்றறிகளோட போட்டி போட அது இன்னும் காணாது, ஆனா கழட்டுறதை முதலே யோசிச்சுச் செய்திருக்கினம், அது தான் எனக்குப் பிடிச்சது.

ஊருக்கு வருமோ எண்டால், பற்றறி எப்பிடியும் வரத் தான் போகுது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு சூரியன், காத்து, பற்றறி சேத்து கரன்ற் குடுக்க இந்தியக் காசில திட்டம், 2024 மார்ச்சில ஒப்பந்தம் போட்டவை. அதெல்லாம் ஒரு நாள் பழசாகும். எங்கட நிலம் சுண்ணாம்புக் கல், மேல ஊத்தினது கிணத்துக்குப் போக நாள் எடுக்காது, சுன்னாகத்தில கிணத்துக்க எண்ணெய் வந்த நேரம் கண்டனாங்கள் தானே. எரியாத பற்றறி எண்டு சொல்லி வித்துப்போட்டு, செத்த பற்றறிய கல்லுண்டாய்க் குப்பையில கொண்டுபோய்க் கொட்டினால் எங்களுக்கு என்ன பிரயோசனம்?

போங்கோ, ஆனா கையெழுத்துப் போட முதல் சுப்பவைசரிட்ட மெயிலில மூண்டு விசயம் கேளுங்கோ. செல்லைக் கழட்டிப் பாக்கிற வேலையும் உங்கட தலைப்புக்க வருதோ, இல்லாட்டி ரீசைக்கிள் எண்டது காசு எடுக்கப் போட்ட சொல்லோ. புளோரின் இல்லாத உப்பும் பைண்டரும் (தூளை ஒட்டிப் பிடிக்கிற பசை) பாவிக்க விடுவினமோ. செல்லைச் செய்து சார்ஜ் ஏத்திப் பாக்கிற வசதி அங்கயே இருக்கோ. விசா வருமட்டும் சும்மா இராமல் கண்டிக்கு ஒருக்காப் போட்டு வாங்கோ, பேராதனையிலயும் ஹந்தானையில இருக்கிற ஆராய்ச்சி நிறுவகத்திலயும் திண்ம மின்பகுபொருள் வேலை கனகாலமா நடக்குது, முதலே எழுதிக் கேட்டிட்டுப் போங்கோ.