'பிரிட்டிஷ் சான்றிதழ்' வாங்க 4,000 பவுண்டு கொடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். நண்பர்களுடன் சேர்ந்து 90,000 பவுண்டு செலவில் ஒரு தமிழ்ப் படம் எடுத்து முடித்திருக்கிறோம். 4,000 பவுண்டு கொடுத்தால் 'பிரிட்டிஷ் சான்றிதழ்' வாங்கித் தருவதாகவும், அது இருந்தால் தியேட்டரில் வெளியிடலாம், செலவில் பாதிக்கு மேல் அரசு திருப்பித் தரும் என்றும் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: பணம் கொடுக்க வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சான்றிதழ்களை ஒன்றாகக் குழப்பி உங்களிடம் விலை பேசியிருக்கிறார்.

முதலாவது, எந்த வயதினர் படத்தைப் பார்க்கலாம் என்று சொல்லும் பி.பி.எஃப்.சி. (பிரிட்டிஷ் திரைப்பட வகைப்பாட்டு வாரியம்) சான்று. அந்த அமைப்பு 1912-இல் திரைத்துறையினரே தொடங்கியது. அரசு அலுவலகம் அன்று. படத்தின் நீளத்தைப் பொறுத்து அமையும் கட்டணத்தை நீங்களே நேரடியாகச் செலுத்தலாம். டிவிடி விற்பதற்கும் இது வேண்டும். இணையத்தில் வெளியிடச் சட்டப்படி தேவையில்லை.

தியேட்டருக்கு இது கட்டாயம் என்பதும் முழு உண்மையன்று. 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தியேட்டருக்கு உரிமம் தருவது உள்ளூர் கவுன்சில். வழக்கமாக அது பி.பி.எஃப்.சி. தரும் வயது வரம்பை ஏற்றுக்கொள்கிறதே தவிர, விரும்பினால் தானே முடிவு செய்யலாம். பி.பி.எஃப்.சி. 18 வயது என்று வரையறுத்த 'திஸ் இஸ் இங்லண்ட்' படத்தை பிரிஸ்டல் கவுன்சில் 15 என்று மாற்றி அனுமதித்தது. ஆகவே ஓரிரு காட்சிகள் மட்டுமே உங்கள் திட்டமென்றால், தியேட்டர் மேலாளர் வழியாகக் கவுன்சிலிடமே அனுமதி கேளுங்கள். ஆனால் கேம்டன் கவுன்சில் தந்த அனுமதி, எல்லை தாண்டினால் வெஸ்ட்மின்ஸ்டரில் செல்லாது. அதே படத்துக்கு அதே விவரங்களை மறுபடியும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் சட்டம் அப்படி என்பார்கள்.

இரண்டாவது, வரிச் சலுகைக்கு மட்டும் தேவைப்படுவது. பி.எஃப்.ஐ. (பிரிட்டிஷ் திரைப்படக் கழகம்) பரிசீலித்துப் பரிந்துரைக்க, கலாசார அமைச்சகம் 'இது பிரிட்டிஷ் படம்' என்று சான்றளிக்கும். விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. படம் எந்த அளவுக்கு பிரிட்டிஷ் படம் என்று மதிப்பிடும் பண்பாட்டுத் தேர்வின் 35 புள்ளிகளில் 18 பெற வேண்டும். வசனம் தமிழில் இருப்பதால் மொழிக்குரிய 6 புள்ளிகள் உங்களுக்குக் கிடைக்காது. கதைக்களம், பாத்திரங்கள், படப்பிடிப்பு நடந்த இடம், கலைஞர்கள் ஆகியவற்றிலிருந்துதான் அவற்றை ஈடுசெய்ய வேண்டும்.

'பாதிக்கு மேல்' என்ற பேச்சு, சிறிய படங்களுக்கான 53 சதவீதச் சலுகையிலிருந்து வந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் படப்பிடிப்பு தொடங்கிய படங்களுக்கே அது பொருந்தும். அது செலவில் அதிகபட்சம் 80 சதவீதத்துக்கே கணக்கிடப்படும், அதன் மீதும் 25 சதவீத வரி உண்டு. உங்கள் 90,000 பவுண்டும் தகுதியுள்ள செலவுதான் என்று வைத்துக்கொண்டாலும் கைக்கு வருவது ஏறத்தாழ 28,600. தரகர்கள் 53 என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

அதைவிட முக்கியமான கேள்வியை அவர் உங்களிடம் கேட்டிருக்கவே மாட்டார்: தொடக்கத்திலிருந்தே படத்துக்குப் பொறுப்பேற்ற, பிரிட்டனில் வரி செலுத்தும் கம்பெனி ஒன்று இருந்ததா? நண்பர்கள் அவரவர் கார்டில் செலவழித்துவிட்டு, இப்போது ஒரு கம்பெனியைப் பதிவு செய்தால் சலுகை கிடையாது. அந்தத் தேதிகளை எடுத்துக்கொண்டு, திரைப்பட வரிக் கணக்கு பார்த்துப் பழகிய கணக்காளர் ஒருவரை முதலில் பாருங்கள்.