மலை ஊரில் ஏரிக்கரையில் டென்ட் போட்டுத் தங்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

சின்ன மலை ஊர், இரண்டு நாள், ஏரியைச் சுற்றி நடை, இரவு கரையிலேயே டென்ட், முதல் தடவை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உறுத்துவது அந்தக் 'கரையிலேயே'தான்.

நானும் அந்த ஆசையோடுதான் போனேன். படுத்தபடியே தண்ணீர் தெரிய வேண்டும் என்று, கரையிலிருந்து பத்தடியில், புல் மெத்தென்றிருந்த ஒரு பள்ளத்தில் டென்ட் அடித்தேன். இரவு இரண்டு மணிக்கு மூக்கில் ஒரு சொட்டு. மழையோ என்று தலையை நீட்டிப் பார்த்தால் வானம் முழுக்க நட்சத்திரம்! குளிருக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் இழுத்து மூடியிருந்தேன். என் மூச்சுக்காற்றின் ஈரமே குளிர்ந்த துணியில் நீராகித் திரும்பி என் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. ஸ்லீப்பிங் பேக் கால்பக்கம் நனைந்து, விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். விடிந்த பிறகு மூடுபனியில் ஏரியும் தெரியவில்லை, அது வேறு.

இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மலை ஏரி பெரும்பாலும் அந்தப் பள்ளத்தின் அடியில்தான் இருக்கும். அதனால் 60 மீட்டராவது தள்ளி, கொஞ்சம் மேட்டில் போடுங்கள். சில நாடுகளின் வனப்பகுதிகளில் இது விதியாகவே இருக்கிறது. தண்ணீருக்கு வரும் விலங்குகளுக்கும் வழி விட்டதாக இருக்கும். பக்கத்தில் பட்டமரம் நிற்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிடுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் காற்றுவழியைத் திறந்தே வையுங்கள்.

நடைக்கு வருவோம். ஏரியைச் சுற்றித்தானே, சமதளம்தானே என்று நம்பாதீர்கள். பாறை முட்டும் இடத்தில் எல்லாம் பாதை ஏறி இறங்கும். பனி உருகி வரும் ஓடையாக இருந்தால் காலையில் கணுக்கால் அளவு, மாலையில் முழங்கால் அளவு; காலையிலேயே கடந்துவிடுவது நல்லது. அடிவாரத்து வெப்பநிலையை வைத்துத் துணி எடுக்காதீர்கள், 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஊர் 2500 மீட்டருக்கு மேல் என்றால் முதல் நாள் நடக்காமல் சும்மா இருங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறவே வேண்டாம், குறையாவிட்டால் இறங்கிவிடுங்கள்.

தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். 2000 மீட்டரில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் அந்த உயரத்துக்கு மேலே இருந்தால் மூன்று நிமிடம் கொதிக்கட்டும். பாத்திரத்தை ஏரியில் கழுவாதீர்கள். மக்கும் சோப்பு என்பார்கள். அது மக்குவது மண்ணில்தான்.

அப்புறம், தூங்குவதற்கென்று காய்ந்த காலுறை ஒரு ஜோடி தனியாக இருக்கட்டும். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது.